முகம் தெரியாம, குரலை மட்டும் வெச்சு ஆளைப் புரிஞ்சுக்க முடியுமா?

மழைக்காகம்:
மனநல உதவி எண்ணில் போன் எடுக்கப்போற தன்னார்வலர்களுக்குப் பயிற்சிக் குறிப்பு எழுதணும். முகம் தெரியாததால எவ்வளவு நஷ்டம்? வீடியோவுக்கு மாறலாமா?

நிழல்மரம்:
மாற வேண்டாம். உளவியல் ஆய்வாளர் மைக்கேல் க்ரௌஸ் 2017இல் வெளியிட்ட ஐந்து சோதனைகளில், குரலை மட்டும் கேட்டவர்களே பேசுபவரின் உணர்வைக் கூடுதல் துல்லியமாகச் சொன்னார்கள். ஒரு சோதனையில் விளக்கை அணைத்துவிட்டே பேசவைத்தார்கள். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துவிடலாம், குரலில் அது கடினம். (அவை சாதாரண உரையாடல்கள், நெருக்கடி அழைப்புகள் அல்ல.)

சறுக்கும் இடங்கள் வேறு. ஏற்ற இறக்கமில்லாமல் மெதுவாகப் பேசினால் ‘அமைதியாக இருக்கிறார்’ என்று குறித்துவிடுவார்கள். மனச்சோர்விலும் குரல் அப்படித்தான் தட்டையாகும். நாக்குக் குழறினால் உடனே குடி என்று முடிவு கட்டக் கூடாது. சர்க்கரை இறங்கினாலும், பக்கவாதம் வந்தாலும், மாத்திரை அதிகமாகப் போட்டாலும் குழறும். ‘சாப்பிட்டீங்களா? மாத்திரை ஏதாவது போட்டீங்களா?’ என்று நேராகவே கேட்கச் சொல்லுங்கள்.

ஒலிப்பெட்டி:
லைனையும் கவனிங்க. பழைய போன் லைன் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். மெல்லிய விசும்பல், மூச்சு எல்லாம் பாதி காணாமப் போகும். அப்புறம் தாமதம். ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் தொடங்குற இடைவெளியே சராசரியா 200 மில்லிசெகண்ட்தான். லைன்ல தாமதம் ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டைத் தாண்டினா பேச்சு முட்டிக்க ஆரம்பிக்கும். குத்தம் லைனோடது, ஆனா ‘இவருக்கு அக்கறையே இல்ல’ங்கிற பழி ஆள் மேல விழும்.

ஸ்பீக்கர்போன் வேண்டவே வேண்டாம். பல ஸ்பீக்கர்போன் ஒரு பக்கம் பேசும்போது மறுபக்கத்தை அமுக்கிடும், நீங்க போடுற ‘ம்...ம்’ போய்ச் சேராது. வயர் ஹெட்செட் போதும். மைக் வாயோரமா, ரெண்டு விரல் தள்ளி. நேர் எதிர்ல வெச்சா மூச்சு புஸ்ஸுனு அடிக்கும்.

மழைக்காகம்:
பேச்சு வழக்கை வெச்சு எடைபோடுறதை எப்படித் தடுக்கறது?

நிழல்மரம்:
முழுசாகத் தடுக்க முடியாது. 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒரே ஆள் மூன்று உச்சரிப்புகளில் வாடகை வீடு கேட்டுப் போன் செய்தார். வெள்ளையர் பகுதிகளில் கறுப்பர், மெக்சிகர் உச்சரிப்புக்கு வீடு பார்க்க அழைப்பு குறைவாகவே கிடைத்தது. நம் ஊரிலும் ரெண்டு வரி பேசுவதற்குள் மாவட்டம், சாதி வரை யூகித்துவிடுகிறோமே!

குறிப்புத் தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் காதில் விழுந்தது: ‘கேள்விக்குப் பிறகு நீண்ட மௌனம்’. வலப்பக்கம் யூகம்: ‘மறைக்கிறாரோ?’. வலப்பக்கம் எழுதிய எதையும் அழைத்தவரிடமே கேட்டு உறுதிசெய்யாமல் இடப்பக்கம் மாற்றக் கூடாது.

ஒலிப்பெட்டி:
மௌனம்னு குறிக்கறதுக்கு முன்னாடி, லைன் அறுந்துடுச்சான்னும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.