ஜனவரியில போன வருஷ மாடல்: 85 ஆயிரம் தள்ளுபடிக்கு மயங்கலாமா?

முதல்கார்:
2025 பொறந்து பத்து நாள்தான் ஆச்சு. ஷோரூம்ல ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக், 2024 மாடல், ஸ்டாக் கிளியரன்ஸ், "85 ஆயிரம் வரைக்கும் ஆஃபர்"னு சொன்னாங்க. 2025 மாடலுக்கு 15 ஆயிரம்தான், விலையும் ஏத்தியாச்சாம். இன்னிக்கே 11 ஆயிரம் கட்டி புக் பண்ணச் சொல்றாங்க. அப்பா "போன வருஷத்து வண்டி நமக்கு எதுக்குடா"ங்கறாரு. கட்டலாமா?

வைகைக்கரை:
கட்டுங்க தம்பி. இது டீலருக்கு நெருக்கடியான நேரம். கம்பெனி வண்டியை டீலருக்கு அனுப்பினதுமே அது கம்பெனி கணக்குல விற்பனை. அதுக்கப்புறம் பேங்க் வட்டி மொத்தமும் டீலர் தலையில. 21 நாள் ஸ்டாக் போதும்னு டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா கேக்குது. 2024 செப்டம்பர் கடைசியில அது 80 நாளைத் தாண்டிருச்சு, ஏறக்குறைய 79,000 கோடி ரூபாய் வண்டி முடங்கிக் கிடந்துச்சு. இப்ப பேரம் பேசலைன்னா எப்பப் பேசறது?

முன்னாள்_சேல்ஸ்:
அண்ணே, அது தீபாவளிக்கு முந்தின கணக்கு. அக்டோபர் பண்டிகையில நெறைய வித்துப் போச்சு.

தம்பி, ஏழு வருஷம் நானும் அந்த டேபிள்ல உக்காந்தவன்தான், சொல்றேன். "வரைக்கும்"ங்கற வார்த்தையிலதான் எல்லாம் இருக்கு. 85-ஐப் பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. கேஷ் டிஸ்கவுண்ட் எவ்வளவு, எக்ஸ்சேஞ்ச் போனஸ் எவ்வளவு, கம்பெனியில வேலை பாக்கறவங்களுக்குன்னு குடுக்கற கார்ப்பரேட் தள்ளுபடி எவ்வளவு. பழைய வண்டி இல்லாதவனுக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸ் எங்கேருந்து வரும்?

அடுத்தது, "2024 மாடல்"னா எந்த மாசம்? டிசம்பர்ல செஞ்ச வண்டியும் 2024, பிப்ரவரியில செஞ்சதும் 2024. சேஸிஸ் நம்பர்ல மாசம், வருஷம் ரெண்டும் ஒளிஞ்சிருக்கும், கேட்டா சொல்லித்தான் ஆகணும், ஏன்னா ஆர்.சி.யில அது அச்சாகும். நம்பலைன்னா குனிஞ்சு டயரைப் பாருங்க. 0824-ன்னு இருந்தா 2024-ல எட்டாவது வாரம் செஞ்ச டயர். பத்து மாசம் வெயில்ல நின்ன வண்டியில பேட்டரி சோர்ந்திருக்கும், ஒரே இடத்துல நின்ன டயர் தட்டையாகும், எலி ஒயரைக் கடிச்சிருக்கும். நாங்க யார்டுல நாப்தலின் உருண்டை போடுவோம். எலி அதுக்கெல்லாம் பயப்படாது.

வைகைக்கரை:
சும்மா பயமுறுத்தாதீங்க. 2017 மார்ச் 29-ல சுப்ரீம் கோர்ட் பிஎஸ்3-ங்கற பழைய புகை விதிப்படி செஞ்ச வண்டியை ஏப்ரல் 1-லருந்து விக்கக் கூடாதுன்னுச்சு. டூவீலருக்கு 22 ஆயிரம் வரைக்கும் குறைச்சாங்க. 31-ஆம் தேதி ராத்திரி வரிசையில நின்னு வாங்கினேன். அந்த வண்டிதான் இன்னிக்கும் மார்க்கெட்டுக்குப் போயிட்டு வருது.

முன்னாள்_சேல்ஸ்:
அது உங்க அதிர்ஷ்டம். 2020-ல அடுத்த விதியான பிஎஸ்4 வண்டிக்கும் கெடு வந்தப்ப அதே ஆசையில வாங்கினவங்களையும் கேளுங்க. ஊரடங்கைப் பாத்து கெடுவுக்கு அப்புறமும் கொஞ்சம் வித்துக்கலாம்னு கோர்ட் சலுகை குடுத்துச்சு, ஜூலையில அதையும் திரும்ப வாங்கிருச்சு. காசு கட்டினவன் நம்பர் பிளேட் இல்லாம வாய்தா எண்ணிட்டு உக்காந்திருந்தான்.

பழைய_டீசல்:
ரெண்டு பேரும் கோர்ட்டை விடுங்கய்யா. அவரு எத்தனை வருஷம் ஓட்டப் போறாருன்னு யாராவது கேட்டீங்களா? மூணு வருஷத்துல வித்தா, வாங்க வர்றவன் முதல்ல கேக்கறது "எந்த வருஷ மாடல்". இப்ப மிச்சம் புடிச்சதை அங்க விட்டுருவாரு. பன்னெண்டு வருஷம் ஓட்டினா 2024-ம் ஒண்ணுதான், 2025-ம் ஒண்ணுதான்.

வைகைக்கரை:
அப்படிக் கேளுங்க! முதல் கார் வாங்கறவன் மூணு வருஷத்துல எங்க விக்கப் போறான்.

முதல்கார்:
சாயங்காலம் திரும்பப் போனேன். பிரிச்சுக் கேட்டதும் சேல்ஸ் பையன் முகம் மாறிடுச்சு. கேஷ் 40, எக்ஸ்சேஞ்ச் 30, கார்ப்பரேட் 15. வீட்ல இருக்கறது அப்பாவோட பழைய டிவிஎஸ் 50. வேலை சொந்த ஜெராக்ஸ் கடை. ஆக எனக்கு 40. வண்டி செஞ்சது மார்ச். எழுந்து வந்துட்டேன். வாசல் தாண்டறதுக்குள்ள மேனேஜர் 55-க்கு வந்தாரு, ஆனா இன்சூரன்ஸ் அங்கேயே போடணுமாம்.

முன்னாள்_சேல்ஸ்:
வந்தாரா! குடுத்ததை இன்சூரன்ஸ்ல திரும்ப எடுத்துக்குவாங்க. வெளிய ஒரு கொட்டேஷன் வாங்கி டேபிள்ல வைங்க. அங்கதான் போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. மார்ச் வண்டிக்கு தள்ளுபடி 70-க்குக் கீழ இருந்தா நான் வாங்க மாட்டேன்.

வைகைக்கரை:
65 வந்தா விட்டுராதீங்க தம்பி. புது பேட்டரியும் கேளுங்க.

முதல்கார்:
சனிக்கிழமை போறேன். "போன வருஷத்து வண்டி எதுக்கு"ன்னவரு இப்ப டயர் நம்பர் படிக்கறதுக்கு டார்ச் எடுத்து வெச்சிருக்காரு.