இட்லித் தட்டு கறுக்கிறது, டம்ளரில் வெண்திட்டு: கோளாறு எதில்?

வேளச்சேரி வாசி:
டிஷ்வாஷர் வாங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. அலுமினிய இட்லித் தட்டுகள் சாம்பல் பூசியதுபோல் கறுத்து வருகின்றன. தொட்டால் விரலில் ஒட்டுகிறது. எவர்சில்வர் டம்ளர்களில் வெண்திட்டு. மேல் அடுக்கிலுள்ள கிண்ணங்களில் சாம்பார்ப் பருப்பு காய்ந்தபடியே இருக்கிறது. எங்களுக்குப் போர் தண்ணீர்தான். "கையாலேயே தேய்த்திருக்கலாம்" என்று அம்மா தினமும் குத்திக்காட்டுகிறார். தவறு இயந்திரத்திலா, அடுக்குவதிலா?

ஸ்பேனர்:
இவற்றைப் பழுதுபார்ப்பதுதான் என் பிழைப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடியிலுள்ள வடிகட்டியைத்தான் கழற்றுவேன். கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, புளிச்சக்கை எல்லாம் சோற்றுப் பசையில் ஊறிக் கிடக்கும். அந்தத் தண்ணீரையே பம்பு திரும்பத் திரும்பப் பீய்ச்சினால் கிண்ணம் எப்படி வெளுக்கும்? தட்டில் மிஞ்சியதை வழித்துப் போட்டால் போதும். குழாயடியில் ஒருமுறை கழுவிவிட்டு உள்ளே வைப்பது வீண்வேலை. மாவுப்பசையைக் கரைக்கத்தானே சோப்பில் நொதி சேர்க்கிறார்கள்!

உங்கள் மேல் அடுக்குக்குத் தண்ணீர் சரியாக ஏறவில்லை என்று நினைக்கிறேன். கீழே குக்கரோ தாம்பாளமோ உயரமாக நின்று, தண்ணீர் பீய்ச்சும் சுழல்கையைத் தடுக்கும். கதவை மூடுமுன் மேல், கீழ் இரண்டு சுழல்கைகளையும் விரலால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். எதிலும் இடிக்கக் கூடாது. கிண்ணத்தின் வாய் கீழ்நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். டபராக்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் உள்ளே சொட்டுத் தண்ணீர் போகாது.

வெண்திட்டு, தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு. டிஷ்வாஷருக்கான உப்பை அதன் தொட்டியில் நிரப்பி, இயந்திரத்திலுள்ள தண்ணீர்க் கடினத்தன்மை அமைப்பை உங்கள் தண்ணீருக்கு ஏற்ப உயர்த்துங்கள். சமையல் தூள் உப்பைக் கொட்டிவிடாதீர்கள், உள்ளே அடைத்துக்கொள்ளும்.

அம்பத்தூர் அக்கா:
தம்பி, அந்தச் சோப்பின் காரத்தை அலுமினியம் தாங்காது. தட்டுகளைப் புளித்தண்ணீரில் கொதிக்கவிடுங்கள், கறுப்பு போகும். பிறகு கையால்தான் கழுவ வேண்டும். இல்லையென்றால் எவர்சில்வர் தட்டுக்கு மாறிவிடுங்கள். இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் பழக்கிய எண்ணெய்ப்பதம் போய்த் துருவேறும். மத்தும் பூரிக்கட்டையும் வெடிக்கும், பித்தளை மங்கும். மிக்சி ஜார் கூடவே கூடாது: பிளேடுக்கு அடியில் தண்ணீர் புகுந்தால் பேரிங் போய்விடும். பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மேல் அடுக்குதான். மஞ்சள் கறை மட்டும் எதில் கழுவினாலும் போகாது, அதற்கு என்னிடமும் மருந்தில்லை.

வேளச்சேரி வாசி:
நன்றி அக்கா. சுழல்கையைத் தாம்பாளம்தான் தடுத்தது, இப்போதே பார்த்தேன். எவர்சில்வர் குக்கரை வைக்கலாமா? ஈயச்சொம்பையும் அம்மா கேட்கச் சொன்னார்.

அம்பத்தூர் அக்கா:
குக்கரைத் தாராளமாக வையுங்கள். காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிக் கையால் கழுவுங்கள். அடுப்பில் ஏற்றுமுன் ஆவிக்குழாய்த் துளையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பருப்புத்தோல் அடைத்திருந்தால் ஆபத்து. ஈயச்சொம்பு வேண்டவே வேண்டாம். மெத்தென்ற உலோகம், பக்கத்துப் பாத்திரம் இடித்தாலே நசுங்கும்.