பெர்லின் டைனமோவின் 10 தொடர் பட்டங்கள்: நடுவர்கள் மட்டும்தான் காரணமா?

கேள்வி: கிழக்கு ஜெர்மனியின் முதல் நிலைக் கால்பந்து லீக்கான ஓபர்லீகாவில் 1979 முதல் 1988 வரை பெர்லின் கிளப்பான பி.எஃப்.சி. டைனமோவேதான் சாம்பியன். ரகசியப் போலீஸ் அமைச்சர் மீல்கேவின் ஆதரவால் நடுவர்கள் அந்த அணிப் பக்கம் சாய்ந்ததுதான் காரணமா?

பதில் 1: ஆள் சேர்ப்பைப் பாருங்கள். அன்று அங்கே வீரர்களை வாங்கி விற்கும் டிரான்ஸ்ஃபர் சந்தையே கிடையாது. யார் எங்கே ஆடுவது என்பதை மேலிடமே தீர்மானிக்கும். 1954-இல் டிரெஸ்டன் நகர டைனமோ கிளப்பின் முதல் அணியையே பெயர்த்து பெர்லினுக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சியவர்களோடு டிரெஸ்டன் கீழ்ப் பிரிவுகளுக்குச் சரிந்தது. பெரிய அநியாயம் அது.

பதில் 2: நடுவர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 1986 மார்ச் 22, லைப்சிக்: பி.எஃப்.சி. டைனமோவுக்கு எதிராக உள்ளூர் அணி லோகோமோட்டிவ் 1-0 முன்னிலை. 90 நிமிடம் தாண்டியபின் நடுவர் ஸ்டும்ப் டைனமோவுக்குப் பெனால்டி கொடுத்தார், 1-1. அவருக்குத் தடை விழுந்தது. பல ஆண்டு கழித்து வெளிவந்த வேறொரு கோணப் படத்தில், லோகோமோட்டிவ் வீரர் டைனமோ வீரரை இரு கைகளாலும் தள்ளுவது தெரிகிறது. பெனால்டி சரிதான்!

பதில் 3: இன்னொரு கிழக்கு ஜெர்மன் கிளப்பான மக்டபர்க்கையும் சொல்லுங்கள். 1974-இல் ஏ.சி. மிலானை 2-0 என வீழ்த்தி ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை வென்றார்கள்.