மூகா ஸ்கேனுக்கு எதற்கு இரண்டு ஊசி?

கடைக்குட்டி:
அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து நாலு சைக்கிள் முடிந்ததால், இதயம் எப்படி இருக்கிறது என்று பார்க்க நேற்று மூகா ஸ்கேனுக்குப் போனோம். முதலில் ஓர் ஊசி போட்டு இருபது நிமிஷம் வெளியே உட்கார வைத்தார்கள், அப்புறம் ஈயப் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டார்கள், கடைசியில் படம் தெளிவாக இல்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். முதல் ஊசி எதற்கு? அம்மா வேறு "ரத்தத்துல கதிர் ஏத்திட்டாங்களே, பேரனைத் தூக்கலாமா?" என்று நச்சரிக்கிறார்.

காமா கேமரா:
நான் இதே துறையில் டெக்னீஷியன். முதல் ஊசியில் கதிரியக்கமே கிடையாது, அது வெள்ளீய உப்பு. சிவப்பணுவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் வரும் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் உள்ளே நுழைந்ததும் அதை ஹீமோகுளோபினோடு ஒட்ட வைப்பது இந்த வெள்ளீயம்தான், இல்லாவிட்டால் வந்த வழியே வெளியே போய்விடும். அணுக்களில் நன்றாக ஒட்டினால்தான், ஈசிஜியோடு சேர்த்து ஒவ்வொரு துடிப்பையும் 16 அல்லது 24 துண்டாகப் பிரித்து, இதயம் தன்னிடம் உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்று கணக்குப் போட முடியும். ஒரு சந்தேகம், ஊசியை கீமோ போர்ட் (கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைத்திருக்கும் குழாய்) வழியாகவா போட்டார்கள்?

கடைக்குட்டி:
ஆமாம், கையில் நரம்பு கிடைக்கவில்லை என்று போர்ட்டில்தான் போட்டார்கள்.

காமா கேமரா:
அங்கேதான் சந்தேகமாக இருக்கிறது. போர்ட் அடைக்காமல் இருக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தை ஏற்றி வைத்திருப்பார்கள். டெக்னீசியம் அதில் ஒட்டிக்கொண்டால் சிறுநீரகத்துக்குப் போய்விடும், இதயம் மங்கலாகத்தான் தெரியும். டாக்ஸோரூபிசினும் ஒட்டுவதைக் கொஞ்சம் கெடுக்கும். அடுத்த முறை கை நரம்பிலேயே போட முடியுமா என்று கேளுங்கள். ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, குப்பிக்குள்ளேயே ஒட்ட வைத்து, திரும்ப உடம்பில் ஏற்றும் முறையும் இருக்கிறது. வேலை அதிகம்தான், ஆனால் 95 சதவீதத்துக்கு மேல் ஒட்டும்.

மல்லிகைப்பந்தல்:
பேசாமல் எக்கோ எடுத்துவிடலாமே? ஊசியும் இல்லை, கதிரும் இல்லை.

காமா கேமரா:
பல இடங்களில் எக்கோதான் எடுக்கிறார்கள். ஆனால் அதில் எடுப்பவர் ஆளுக்கு ஆள் அளவு மாறும். மூகாவில் கேமராவில் பதிவாகும் கதிர்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுவதால், போன தடவை 62 சதவீதம், இந்தத் தடவை 50 என்று வந்தால் அந்த வித்தியாசத்தை நம்பலாம். முன்பு எதில் எடுத்தீர்களோ அதிலேயே எடுங்கள், அதையும் இதையும் ஒப்பிடாதீர்கள். பேரன் விஷயம்: டெக்னீசியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஸ்கேன் நேற்று என்றால் இன்று தாராளமாகத் தூக்கட்டும்.

கடைக்குட்டி:
சொன்னேன். ஏற்கெனவே மடியில்தான் இருக்கிறானாம்.