திமிங்கலம் பார்க்கப் படகு: ஜூனா, ஆகஸ்டா? (மனைவிக்கு மலை பஸ்ஸே ஆகாது)

எபென்_பையன்:
எல்லோருக்கும் வணக்கம். எபெனில் ஐடி வேலை, ரோஸ் ஹில்லில் வாடகை வீடு. கல்யாணம் முடிந்த கையோடு நான் மட்டும் மொரீஷியஸ் திரும்பிவிட்டேன், மனைவி இனிமேல்தான் பாளையங்கோட்டையிலிருந்து வரப்போகிறாள். தேனிலவு என்று எங்கேயும் போகாத குறை வேறு இருக்கிறது, அதனால் மேற்குக் கரையில் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரைப் பக்கம் நாலு நாள் ரூம் போட்டு, ஒரு நாள் திமிங்கலம் பார்க்கப் போகலாம் என்று திட்டம். ஜூன் தொடக்கத்தில் வரச் சொல்லவா, ஆகஸ்டிலா? மாஞ்சோலை பஸ்ஸில் ஏறினாலே அவளுக்குக் குமட்டும், படகு தாங்குமா? ஒரு ஏஜெண்ட் திமிங்கலத்தோடு நீந்தவே வைக்கிறேன் என்கிறார், நம்பலாமா?

தாமரின்வாசி:
ஆகஸ்ட் தம்பி, யோசிக்கவே வேண்டாம். இங்கே பார்க்கக் கிடைப்பது முக்கியமாக இரண்டு வகை. ஸ்பெர்ம் திமிங்கலம் வருடம் முழுக்க மேற்குக் கரைக்கு அப்பால் ஆழக்கடலில் இருக்கும். ஆனால் ஒருமுறை உள்ளே போனால் முக்கால் மணி நேரம்கூட மேலே வராது, படகை நிறுத்திவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். மூச்சு விடும்போது தண்ணீர் நேராக எழும்பாமல் இடப்பக்கம் சாய்ந்து பீய்ச்சும், தூரத்திலிருந்தே அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். இன்னொன்று ஹம்ப்பேக், அதாவது கூன்முதுகுத் திமிங்கலம். அது அப்படியில்லை, அண்டார்டிகா பக்கத்திலிருந்து குட்டி போடவும் ஜோடி சேரவும் வருகிறது, ஜூலையிலிருந்து அக்டோபர் வரை சீசன். துள்ளுவது, வாலால் தண்ணீரை அறைவது எல்லாம் அதுதான். ஜூன் தொடக்கத்தில் வந்தால் ஹம்ப்பேக் பார்ப்பது அதிர்ஷ்டம்.

நீந்துகிற கதைக்கு ஒரு கும்பிடு. திமிங்கலத்தோடு நீந்தக் கூடாது என்பதுதான் இங்கே சட்டம், படகும் கிட்டே போகக் கூடாது. காசுக்காக இறக்கிவிடும் ஆட்கள் இல்லாமல் இல்லை. குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டு சும்மா மிதக்கிற தாயை நாலு படகு சுற்றி வளைத்தால் அது எங்கே ஓய்வெடுக்கும்? இங்கே அதற்கு இரையும் கிடையாது, தெற்கே தின்று சேர்த்த கொழுப்பில்தான் காலம் தள்ளுகிறது. சுற்றுலாத் துறை லைசென்ஸ் இருக்கிறதா, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல மழுப்பினால் அந்தப் படகு வேண்டாம்.

கத்ர்_போர்ன்_அக்கா:
தம்பி, வயிற்று விஷயத்தை நான் சொல்கிறேன். பயணத்தில் குமட்டாமல் இருக்கப் போடும் அவோமின் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். தூக்கம் வரும், அதையும் சொல்லிவையுங்கள். வேறு மாத்திரை எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றோடு ஏற வேண்டாம், அதற்காக முந்தின இரவு காரசாரமாக ஒரு பிடி பிடிக்கவும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். ஊரிலிருந்து வரும்போது இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள். படகின் முன்பக்கம்தான் தூக்கித் தூக்கிப் போடும், பின்பக்கம் உட்காருங்கள். போனைக் குனிந்து பார்க்காமல் தொடுவானத்தைப் பார்க்கணும். பவளப்பாறை வரிசைக்குள் இருக்கும்வரை கடல் குளம் மாதிரிதான், அதைத் தாண்டியதும்தான் ஆட்டம். ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், மேற்கே மலை மறைப்பதால் பரவாயில்லை. ஆனால் தென்மேற்கு மூலையில் இருக்கிற லெ மோர்ன் முனையைச் சுற்றித் தெற்கே போகிற படகு வேண்டாம். காலையில் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சேன்-லே_ராசா:
பக்கத்துத் தீவு ரீயூனியனிலிருந்து ஒரு வார்த்தை. எங்களுக்கும் அதே ஹம்ப்பேக்தான், சில வருடம் கரையில் நின்றே பார்க்கலாம், சில வருடம் தேடினாலும் கிடைக்காது. அதனால் படகை நாலாவது நாளுக்கு வைக்காதீர்கள், முதல் நாளே போனால் காற்று மோசமானாலும் மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

எபென்_பையன்:
நன்றி அக்கா, அண்ணன்மாரே. ஆகஸ்ட் என்று முடிவாகிவிட்டது, ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இதையெல்லாம் அவளுக்கு அனுப்பினேன். திமிங்கலம் வந்தாலும் வராவிட்டாலும் சரி, நான் வாந்தி எடுப்பதை மட்டும் வீடியோ எடுத்துப் பாருங்கள், அப்புறம் இருக்கிறது உங்களுக்கு என்று அவளிடமிருந்து பதில் வந்திருக்கிறது.