மீட்டு வந்த குதிரையைத் தத்துக்குத் தயார் செய்வது: கைகண்ட அனுபவங்கள்

இந்த வேலையில் இருக்கிற சிலர் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறோம். மீட்டுக் கொண்டுவந்த குதிரை முதல் சில வாரம் காட்டுகிற சாதுத்தனத்தை நம்பி யாரும் தத்து விளம்பரம் எழுத வேண்டாம். எலும்பும் தோலுமாக வந்த உடம்பில் எகிறவோ உதைக்கவோ தெம்பு கிடையாது. தொட்டால் நிற்கும், கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே வரும், குழந்தைகூடப் பிடிக்கலாம்போல இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் உடம்பு தேறியதும் அதே குதிரை தீவன வாளியோடு வருகிறவரைப் பார்த்துக் காதைப் பின்னுக்கு மடித்து, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டும். தத்து எடுத்த வீட்டில் போய் இது நடந்தால் குதிரை திரும்பி வந்துவிடும். ஒரு தடவை திரும்பிய குதிரைக்கு அடுத்த இடம் அமைவது குதிரைக்கொம்புதான்.

ஆகவே குணம் பார்ப்பதை உடல்நிலை மதிப்பெண்ணோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். 1983-இல் ஹென்னெகி என்ற ஆய்வாளர் வகுத்த, 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (அளவு மீறிய கொழுப்பு) வரையான அளவுதான் பரவலாகப் பயன்படுகிறது. இதைக் கண்ணால் பார்த்துப் போடக் கூடாது, அடர்ந்த முடி ஏமாற்றும். கழுத்து, பிடரி முடிகிற முதுகு மேடு, தோளுக்குப் பின்பக்கம், விலா, முதுகுத்தண்டு, வால் தொடங்கும் இடம் என்று ஆறையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்குத் தட்டுப்பட்டால் அது 5. குதிரை 4-ஐத் தாண்டி ஒரு மாதமாவது ஆன பிறகு 'சாது', 'முரடு' என்ற சொல்லையெல்லாம் எழுதலாம். எடைக்குத் தராசு வேண்டியதில்லை. முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 160, நீளம் 150 என்றால் சுமார் 323 கிலோ வரும். வாராவாரம் ஒரே ஆள் அளந்தால்தான் கணக்கு ஒப்பிடும்படி இருக்கும்.

*

கால்நடை மருத்துவராக நான் சொல்ல இரண்டு விஷயம். பழக்குவது எப்போது ஆரம்பிக்கிறது என்று கேட்டால், முதல் வேளைத் தீவனத்தில் என்பேன்.

நாள்கணக்கில் பட்டினி கிடந்த குதிரைக்குப் பாவப்பட்டுத் தானியத்தைக் கொட்டுவதுதான் மோசமான உபகாரம். மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும், ரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச பாஸ்பரஸும் மெக்னீசியமும் செல்லுக்குள் இழுபடும், இதயமும் மூச்சும் தடுமாறும். வந்தபோது எழுந்து நின்ற குதிரை, தீவனம் தொடங்கிய மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ விழுந்து இறப்பது இப்படித்தான். நடுத்தர உடம்புள்ள குதிரைக்கு முதல் 3 நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுமார் அரைக் கிலோ குதிரைமசால் உலர்புல் மட்டும். பிறகு அளவைக் கூட்டி வேளையைக் குறைத்துக்கொண்டே போய், 6ஆம் நாள் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 கிலோ அளவுக்கு வரலாம். பத்து நாள் தாண்டிய பிறகே வயிறு நிறைய. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். எந்த அளவையும் கூட இருக்கும் கால்நடை மருத்துவர் பார்த்துச் சரி செய்யட்டும்.

இந்த அட்டவணை பழக்குகிறவருக்குக் கிடைத்த வரம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஒரே ஆள், ஒரே வழியில் வந்து புல்லை வைத்து, தோள் பக்கமாக நாலடி தள்ளி இரண்டு நிமிடம் நின்று, தொடாமலே திரும்பிப் போகலாம். மூன்றாம் நாள் உங்கள் காலடிச் சத்தத்துக்குக் காது திரும்பும். அந்தப் பத்து நாளும் கையில் எந்தத் தின்பண்டமும் வேண்டாம், வெல்லம் கூடவே கூடாது.

இரண்டாவது, தனிமைப்படுத்தல். 21 நாள் மற்ற குதிரைகளோடு மூக்கு உரசாத தூரம், தனி வாளி, தனி பிரஷ். ஸ்ட்ராங்கிள்ஸ் என்கிற தொண்டைக் கட்டி நோயில் சளி வருவதற்கு முன்பே காய்ச்சல் வந்துவிடும், எனவே காலை மாலை ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து உடல் வெப்பம் எடுத்தாக வேண்டும். 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். எடுக்கும்போது வாலுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள். இடது தொடையோடு ஒட்டி நின்று, ஒரு கை முதுகில் இருக்க, மறு கையால் வாலை ஒதுக்கலாம். தெர்மாமீட்டரில் நூல் கட்டி, நூல் நுனியில் ஒரு கிளிப் மாட்டி வால் முடியில் கவ்வ வைத்தால் உள்ளே போகாது, கீழே விழுந்தும் உடையாது. இதை மிரளாமல் எடுக்க விடுகிற குதிரைக்கு மூன்று வாரத்தில் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

*

டாக்டர் சொன்ன 'தொடாமலே திரும்பிப் போவது' பற்றி இன்னும் கொஞ்சம். பின்வாங்குகிற நேரம் தப்பினால் பலன் தலைகீழாகும்.

குதிரை தலையைத் தூக்கி, மூச்சை நிறுத்தி உங்களைப் பார்க்கிற தூரம் ஒன்று உண்டு. அங்கேயே நில்லுங்கள், மேலே போகாதீர்கள், பின்னாலும் போகாதீர்கள். தலை ஒரு சாண் இறங்கியதும், அல்லது ஒரு காது உங்கள் பக்கம் தளர்ந்ததும், அந்த நொடியில் இரண்டடி பின்வாங்குங்கள். குதிரை தானாக விலகி ஓடும்போது நீங்களும் பின்வாங்கினால் 'ஓடினால் ஆள் போய்விடுவார்' என்று அது கற்றுக்கொள்ளும். கயிற்றில் கொடுக்கிற இழுப்புக்கும் இதே கணக்கு. குதிரை சரியாக ஓரடி வைத்த அந்த ஒரு நொடிக்குள் தளர்த்த வேண்டும். மூன்று நொடி கழித்துத் தளர்த்தினால் அது எதற்குப் பரிசு என்றே குதிரைக்குப் புரியாது.

முதல் தொடுகை முகத்தில் வேண்டாம். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை தெரியும். தெரியாத இடம் நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும்தான். நீட்டிய கை நெற்றிக்குப் போகும்போது கண்ணை விட்டு மறைந்துவிடுகிறது, அதனால்தான் தலையை உதறுகிறது. புறங்கையால் தோளைத் தொடுங்கள், அங்கிருந்து கழுத்தின் அடி, பிறகு முதுகு மேடு. அங்கே தட்டாதீர்கள், சொறியுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் கோதிவிடுகிற இடம் அது. அந்த இடத்தில் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைகிறது என்று 1993-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்தே காட்டியது. சரியான இடம் சிக்கியதும் மேலுதடு நீண்டு ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு துடிக்கும், கழுத்து நீளும். சட்டென்று நிறுத்திப் பாருங்கள். குதிரை உடம்பை உங்கள் பக்கம் சாய்த்தால் தொடரலாம், விலகினால் இன்றைக்குப் போதும்.

வாயை மெல்வதையும் நாக்கால் உதட்டை நக்குவதையும் 'ஒத்துக்கொண்டுவிட்டது' என்று சிலர் கொண்டாடுகிறார்கள். பதற்றத்திலிருந்து இறங்கும்போதும் குதிரை அப்படிச் செய்யும். திரும்பத் திரும்ப மென்றுகொண்டே இருந்தால் நீங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பதற்றப்படுத்துகிறீர்கள் என்றும் கொள்ளலாம். அதைவிட ஆபத்து, உள்ளுக்குள் ஒடுங்கிப்போன குதிரை. இமைக்காத பார்வை, இறுகிய தாடை, கண்ணுக்கு மேலே முக்கோணமாகச் சுருங்கிய தோல். எதைச் செய்தாலும் சிலை மாதிரி நிற்கும். ஒரு பிடி புல்லை நீட்டுங்கள். அமைதியான குதிரை மெல்லும். ஒடுங்கிய குதிரை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கும். மிரட்சி போக அதன் மேல் பையை ஆட்டுவது, துணியைப் போர்த்துவது எல்லாம் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஹால்ட்டர் (வாயில் இரும்பு இல்லாத தலைவார்) மாட்டும் வரிசை: முதலில் கயிற்றைக் கழுத்தில் போட்டு எடுப்பது. பிறகு கயிறு கழுத்தில் இருக்க, ஹால்ட்டரின் மூக்கு வளையத்தை விரித்துப் பிடித்து, அதற்குள் குதிரை தானாக மூக்கை விட்டால் வெளியே எடுத்துச் சொறிந்துவிடுவது. தானாக விடுகிற பழக்கம் வந்த பிறகே காதுக்குப் பின்னால் வாரைப் போட வேண்டும். காதை மடக்கித் திணிக்கக் கூடாது. காதில் ஒரு தடவை வலித்தால் பல மாதம் மறக்காது. ஹால்ட்டரோடு மேயவிடாதீர்கள். விட்டே ஆக வேண்டுமென்றால் உச்சி வார் தோலாக இருக்கட்டும், மாட்டிக்கொண்டால் அறுந்துவிடும். நைலான் அறாது, கழுத்துதான் பிசகும்.

ஒரு பாடம் பத்து, பதினைந்து நிமிடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

*

குளம்பு வேலை பார்க்கிறவன் சொல்கிறேன். தத்து எடுக்கிறவர்கள் சேணத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பு வெட்டியாக வேண்டும் என்பதால், நாலு காலையும் கொடுக்காத குதிரையை எவராலும் வைத்துக்கொள்ள முடியாது.

கையை நேரே காலுக்குக் கொண்டுபோகாதீர்கள். நீளமான கம்பு நுனியில் கையுறையைத் துணி அடைத்துக் கட்டி, தோளிலிருந்து கீழே தடவி இறக்குங்கள். உதைத்தால் கம்பு படும், மண்டை தப்பும். உதைக்கும்போது கம்பை எடுக்காமல் அதே இடத்தில் லேசாக வைத்திருந்து, கால் நின்றதும் எடுக்க வேண்டும். முழங்கால் வரை, பிறகு கணுக்கால் வரை. அதற்கு அப்புறம் கை. முன்காலைத் தூக்க, தோளால் லேசாகச் சாய்த்து எடையை மறுபக்கம் மாற்றிவிட்டு, முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாரை மென்மையாகப் பிடித்தால் போதும். தூக்கியதும் இரண்டு நொடி, குதிரை இழுப்பதற்கு முன் நீங்களே இறக்கிவிடுங்கள். கீழே தொப்பென்று போடாதீர்கள், தரையில் வையுங்கள். இரண்டு, ஐந்து, பத்து, முப்பது நொடி என்று கூட்டுங்கள். பின்னங்காலைப் பக்கவாட்டில் இழுத்தால் இடுப்பு வலிக்கும், உடம்புக்கு நேர் கீழேயே தூக்க வேண்டும்.

எப்போதும் ஒரே ஒரு காலை மட்டும் கொடுக்க மறுக்கிறதா? அது சண்டித்தனம் இல்லை. எதிர்க்காலில் எடை வைக்க முடியவில்லை என்று அர்த்தம். குளம்புக்குள் சீழ், மூட்டு வலி, எதுவும் இருக்கலாம். டாக்டர் பார்க்கட்டும்.

செருப்பு முனைபோல வளைந்து வளர்ந்த குளம்போடு வருகிற குதிரைக்கு முதல் வெட்டுக்கு மருத்துவர் மயக்க ஊசி போடுவதே சரி. பழக்கம் கெட்டுப்போகும் என்பார்கள். ஆறு பேர் பிடித்து அமுக்கி வெட்டினால்தான் கெடும்.

*

கட்டுவது, ஏற்றுவது. இரண்டிலும் விபத்து அதிகம்.

இழுப்புக்கு விட்டுக்கொடுத்து ஓரடி முன்னே வரத் தெரியாத குதிரையைக் கட்டவே கூடாது. முதல் வாரங்களில் கயிற்றைத் தூணில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும், நிற்கும். கட்டும் உயரம் முதுகு மேட்டின் உயரம். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. கதவில், வேலிப் பலகையில், வண்டியின் அசைகிற பாகத்தில் கட்டினால் குதிரை அதையும் பெயர்த்துக்கொண்டு ஓடும். கயிறு 3 முதல் 4 மீட்டர் இருக்கட்டும். மீதியைக் கையில் சுற்றாமல் மடிப்பு மடிப்பாகப் பிடியுங்கள், சுற்றினால் விரல் போகும்.

ட்ரெய்லரில் ஏற்றுவதை அனுப்புகிற நாளில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். இரண்டு வாரம் முன்பே வண்டியை நிறுத்தி, ஒரு கால் வைத்து இறங்குவது, இரண்டு கால் வைத்து இறங்குவது என்று போங்கள். பின்னால் இறங்கத் தெரிந்த குதிரைதான் நிம்மதியாக ஏறும். உள்ளே போனதும் முதலில் குதிரைக்குப் பின்னால் குறுக்கே வரும் சட்டத்தைப் போடுங்கள், அப்புறம் தலையைக் கட்டுங்கள். இறக்கும்போது முதலில் தலை, பிறகு சட்டம். மாற்றிச் செய்தால் தலை கட்டியிருக்கும்போதே குதிரை பின்னால் போகும், கயிறு இறுகும், தலையைத் தூக்கிக் கூரையில் இடித்துக்கொள்ளும்.

சவாரி பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. உடல் மதிப்பெண் 5-ஐ ஒட்டி வருவதற்கு முன் சேணம் வாங்காதீர்கள், முதுகு வடிவமே மாறும்.

*

பாசம் வைத்துப் பழக்கியவர் ஒருவர், கொண்டுபோகிறவர் வேறொருவர். இதை ஆரம்பத்திலேயே கணக்கில் எடுக்காத இடங்களில் குதிரை ஒருவரிடம் பூனை மாதிரியும் மற்றவரிடம் மிரண்டும் நிற்கிறது. நல்ல அனுபவத்தோடு பழக்கியவரை எட்டு மாதம் கழித்தும் குதிரை அடையாளம் வைத்திருக்கிறது என்று ஆய்விலேயே கண்டிருக்கிறார்கள். ஆனால் புதிய இடத்தில் அந்த ஆள் இல்லையே. ஹால்ட்டரும் கால் தூக்குவதும் ஒருவரிடம் உறுதியானதும், உயரம், குரல், உடை வேறுபட்ட மூன்று நாலு பேர் அதே வரிசையில், அதே சொல்லில் செய்யட்டும். இடமும் மாறட்டும்: லாயம், முற்றம், சாலையோரம். பழகிய பாடத்தைப் புது இடத்தில் குதிரை பாதி மறந்த மாதிரி நடக்கும். இரண்டு படி கீழே இறங்கி ஆரம்பித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

தத்து எடுப்பவர் மூன்று முறையாவது வரட்டும். முதல் முறை நீங்கள் செய்வதைப் பார்க்கட்டும். அடுத்த முறை உங்களோடு சேர்ந்து செய்யட்டும். மூன்றாவது முறை அவரே மேய்ச்சலிலிருந்து பிடித்து, நடத்தி, கால் தூக்கிக் காட்டட்டும், நீங்கள் வேலிக்கு வெளியே நில்லுங்கள். பிடிக்க அரை மணி ஆனால் ஆகட்டும், உதவிக்குப் போகாதீர்கள். அப்போதுதான் எதை இன்னும் பழக்க வேண்டும் என்று தெரியும்.

கூடவே ஒரு தாள்: எந்தப் பக்கமிருந்து நெருங்குவது, என்ன சொல், எந்தக் காதைத் தொடவிடாது, பிளாஸ்டிக் பைக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும், கடைசியாகக் குளம்பு வெட்டிய தேதி, குடற்புழு மருந்து கொடுத்த தேதி, பல்லை அரத்தால் ராவிய தேதி. குறையை மறைத்து எழுதிய தாள் ஒரு மாதத்தில் குதிரையோடு சேர்ந்து திரும்பி வரும். பழகிய உலர்புல் ஒரு வாரத்துக்காவது கொடுத்தனுப்பி, புதியதோடு 7 முதல் 10 நாளில் கலந்து மாற்றச் சொல்லுங்கள். தீவனமும் இடமும் ஒரே நாளில் மாறினால் வயிற்றுவலியைக் கூப்பிட்டு அழைப்பது மாதிரி.

போன இடத்தில் முதல் நாளே பெரிய மேய்ச்சலில் விட வேண்டாம், மறுநாள் பிடிக்க முடியாது. சிறிய அடைப்பில், வேறொரு குதிரை கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வாரம் இருக்கட்டும். அவிழ்த்துவிடும்போது குதிரையை உள்ளே கொண்டுபோய் முழுக்கத் திருப்பி, தலை வாசலைப் பார்க்கும்படி நிறுத்திவிட்டு, வாசல் பக்கம் நின்று ஹால்ட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். சந்தோஷத்தில் துள்ளித் திரும்பும்போது பின்னங்கால் ஆளுக்கு எட்டாது.