வெளியே போகாத நாய்க்கும் எலிக்காய்ச்சல் வரும்: சென்னை வீடுகளின் அனுபவங்கள்

வேளச்சேரியிலிருந்து

சென்னையில் நாய் வளர்க்கிறவர்கள் உண்ணி பற்றியும் பார்வோ என்ற வைரஸ் நோய் பற்றியும் நிறையப் பேசுகிறோம். லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல், பேச்சில் வருவதே இல்லை. எங்கள் புரூனோ அதிலிருந்து பிழைத்தவன். அதனால் நானே தொடங்குகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் எங்கள் தெரு மூழ்கியது. புரூனோவை அந்தத் தண்ணீரில் இறக்கவே இல்லை, மொட்டை மாடியிலேயே எல்லாம் முடித்தான். ஆனால் வளைக்குள் வெள்ளம் புகுந்ததும் பெருச்சாளிகள் படிக்கட்டு வழியாக மேலே வந்துவிட்டன. எலியின் சிறுநீரில்தான் இந்தக் கிருமி வரும். அது கலந்து மாடியில் தேங்கிய தண்ணீரை இவன் நக்கியிருப்பான் என்பதுதான் எங்கள் ஊகம்.

முதலில் சோற்றை முகர்ந்துவிட்டு விலகினான். அப்புறம் காய்ச்சல், வாந்தி. தூக்கினால் வலியில் முனகினான். சிறுநீர் டிகாஷன் நிறத்துக்கு மாறியது. கண் வெள்ளை மஞ்சளானது அதற்கும் பிறகுதான். மஞ்சள் தெரியட்டும் என்று யாரும் காத்திருக்காதீர்கள். சில நாய்களுக்கு அது தெரியாமலேயே சிறுநீரகம் பழுதாகிவிடும் என்று எங்கள் டாக்டர் சொன்னார்.

உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம் என்றுதான் அவரும் முதலில் நினைத்தார். ஆனாலும் மருந்தைத் தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து, கிருமியைக் கண்டறியும் பிசிஆர் சோதனைக்கு அனுப்பிவிட்டார். அவனைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

புரசைவாக்கத்திலிருந்து

அக்கா, படிக்கும்போதே மனசு கனக்கிறது. எங்கள் லாப்ரடார் பிழைக்கவில்லை. மூன்றாவது மாடி, வாக்கிங் போனாலும் சிமென்ட் ரோடு மட்டும்தான். பக்கத்திலிருந்த கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது சிறுநீர் இறங்குவதே நின்றிருந்தது. சலைன் ஏற்றிப் பார்த்தார்கள், பலனில்லை.

பால்கனியில் இரவெல்லாம் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்துக்கு எலி வருமா என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டார். வரும். பைப்பைப் பிடித்துக்கொண்டு ஏறி வருவதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருந்தோமே, பிறகும் எப்படி வந்தது?

மாதவரத்திலிருந்து, கால்நடை மருத்துவர்

உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் தம்பி. இந்த நோயைத் தரும் லெப்டோஸ்பைரா என்ற கிருமியில் நோய் தரும் செரோவார்கள், அதாவது உள்வகைகள், 250-க்கும் மேல். பழைய தடுப்பூசிகளில் கனிகோலா, இக்டெரோஹெமரேஜியே என்ற இரண்டு மட்டும்தான் இருக்கும், புதியவற்றில் நான்கு. ஒரு வகைக்குப் போட்டது இன்னொரு வகையை முழுமையாகத் தடுக்காது. அதற்காகப் போடாமல் இருக்கக் கூடாது. முதல் முறை 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு ஆண்டுதோறும் ஒன்று. மற்ற சில தடுப்பூசிகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போடலாம் என்பார்கள், லெப்டோவுக்கு அது பொருந்தாது. தடுப்பூசி அட்டையில் லெப்டோவைக் குறிக்கும் ‘எல்’ என்று இருக்கிறதா, இரண்டு வகையா நான்கு வகையா என்று கேட்டுப் பாருங்கள்.

வேளச்சேரி அம்மா சொன்னது மிக முக்கியம். உண்ணிக் காய்ச்சலுக்கும் லெப்டோவுக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்போம். அதைத் தொடங்கிய பிறகு ரத்தம் எடுத்தால் கிருமி இருந்தும் பிசிஆரில் இல்லை என்று வரலாம். வாந்தி இருக்கும்வரை பென்சிலின் வகை ஊசி, அடங்கியதும் இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின். நாய் துள்ள ஆரம்பித்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீரகத்தில் தங்கிய கிருமி அப்போது ஒழிந்திருக்காது, சிறுநீரில் வந்துகொண்டே இருக்கும். வீட்டு மனிதர்களுக்கும் அதுதான் ஆபத்து.

பெரம்பூரிலிருந்து

அந்த மனிதர்கள் பக்கம் நான் எழுதுகிறேன் டாக்டர். எங்கள் ஸ்பிட்ஸுக்கு வந்தபோது வீட்டில் மாமியாரும் கைக்குழந்தையும். நாய் முற்றத்தில் ஒரே இடத்தில்தான் சிறுநீர் கழிக்கும்படி பார்த்துக்கொண்டோம். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிக் கழுவினோம். நல்ல வெயில் படும் இடம் அது, காய்ந்தால் இந்தக் கிருமி சீக்கிரம் செத்துவிடுமாம். மாமியாருக்குக் காலில் பித்தவெடிப்பு, அந்தப் பக்கமே விடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது நாய் விஷயத்தைத்தான் டாக்டரிடம் முதலில் சொன்னேன். நல்லவேளை, சாதாரணக் காய்ச்சல்தான்.

வேளச்சேரியிலிருந்து மறுபடியும்

புரூனோ இப்போது நன்றாக இருக்கிறான், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை மட்டும் அவ்வப்போது பார்க்கிறோம். குடியிருப்புச் சங்கத்தில் பேசி குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போட வைத்தோம். இரவில் கிண்ணத்தை உள்ளே எடுத்துவிடுகிறோம். ஆனால் பார்க்கிங்கில் எலி குறையவில்லை. எலி மருந்து வைக்கலாம் என்கிறார் செயலாளர். செத்த எலியை நாய்கள் கவ்வினால் அந்த விஷம் இவர்களுக்கும் ஏறுமே என்று தடுத்து வைத்திருக்கிறேன். கூண்டு வைத்து ஓரளவாவது குறைத்தவர்கள் இருந்தால், எங்கே வைத்தீர்கள், உள்ளே என்ன வைத்தீர்கள் என்று எழுதுங்கள்.